லோயருங்கள பத்தி நம்ம ஊர்ல அடிக்கடி கேக்குற கேள்விங்க

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல ஒரு லோயர் ஆபீஸ்ல 18 வருசமா கிராணி (குமாஸ்தா) வேலை பாக்குறேன். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம கோயில் மண்டபத்துல சில லோயருங்க வந்து இலவசமா ஆலோசனை சொல்றாங்க, அங்க மேசை போட்டு பேர் எழுதி நம்பர் குடுக்குறது என் பொறுப்பு. வரிசைல உக்காந்திருக்கவங்க என்கிட்டதான் மொதல்ல கேப்பாங்க, கேக்குறதெல்லாம் பாத்தா பத்துப் பதினஞ்சு கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. அதுல பாதிப் பேர் கேக்க வேண்டிய நாள் தாண்டி வந்திருப்பாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம், அதனாலதான் இத எழுதுறேன்.

லோயர பாக்கப் போனா வாசல்லயே காசு கேப்பாங்கன்னு சொல்வாங்க, இவங்க சும்மா வந்து பேசுறாங்களே, என்ன லாபம்?

அன்னைக்கு அவங்களுக்கு ஒரு காசும் கெடையாது, மண்டபத்துல குடுக்குற டீயும் வடையும்தான். ஆனா இது யாரோ நல்லவங்க சும்மா பண்ற தர்மம்னும் நெனைக்காதீங்க. 1976-ம் வருசத்து வழக்கறிஞர் தொழில் சட்டத்துலயே வழக்கறிஞர் மன்றத்தோட வேலை என்னன்னு எழுதியிருக்கு, தன்னோட லாபத்தையோ உறுப்பினர் லாபத்தையோ பாக்காம, பயமோ தயவோ இல்லாம நியாயத்துக்காக நிக்கணும், சட்டம் சம்பந்தமா பொது ஜனங்களுக்கு ஒத்தாசையா இருக்கணும்னு. அதனால நீங்க கூச்சப்பட்டு நிக்க வேண்டியதில்ல.

நம்ம பேராக்ல இது புதுசும் இல்ல. ஈப்போல டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம்னு அண்ணன் தம்பி ரெண்டு லோயருங்க இருந்தாங்க, அரசியல்லயும் இருந்தாங்க, ஏழைங்களுக்கு காசு வாங்காம கேஸ் நடத்துனவருன்னு டி.ஆர். பேர் வாங்குனாரு. 1969-ல இறந்துட்டாரு, ஈப்போல அவர் பேர்ல பூங்காவே இருக்கு. பழைய ஆளுங்க இன்னும் அவர் பேர சொல்லி கையெடுத்துக் கும்புடுறத நான் பாத்திருக்கேன்.

வழக்கறிஞர் மன்றம்னா நம்ம தொழிற்சங்கம் மாதிரியா? விருப்பம் இருந்தா சேரலாமா?

இல்ல, தீபகற்பத்துல வக்கீல் தொழில் பண்ற எல்லாரும் சட்டப்படியே அதுல உறுப்பினர்தான். சபா, சரவாக்குக்கு தனி அமைப்பு. மன்றத்துக்குக் கீழ மாநிலத்துக்கு ஒரு கமிட்டி இருக்கு, நம்மளுக்கு பேராக் கமிட்டி, ஈப்போல. ஒவ்வொரு வருசமும் புதுசா சான்றிதழ் எடுத்தாத்தான் அந்த வருசம் தொழில் பண்ண முடியும். ஒருத்தர் உண்மையிலயே லோயரான்னு சந்தேகமா இருந்தா மன்றத்து வெப்சைட்ல பேர அடிச்சுப் பாக்கலாம், காசு குடுக்குறதுக்கு முன்னாடி இத கண்டிப்பா பண்ணுங்க.

இலவச உதவின்னு மூணு பேர் மூணு எடம் சொல்றாங்க, எங்கதான் போறது?

மூணும் நெசம்தான், வேற வேற. ஒண்ணு அரசாங்கத்தோட சட்ட உதவித் துறை, ஜபாத்தான் பந்துவான் குவாமான், நம்மாளுங்க பிரோ குவாமான்னு சொல்வாங்க, 1971-ம் வருசத்து சட்டத்துல நடக்குது, டைவர்ஸ், ஜீவனாம்சம், பிள்ளைங்க யார்கிட்ட இருக்குறது, சொத்துப் பிரிக்கிறதுன்னு குடும்ப விசயத்துக்கு அங்கதான் அதிகம் போறாங்க. ரெண்டாவது வழக்கறிஞர் மன்றமே நடத்துற சட்ட உதவி மையம், இதுக்கு தீபகற்பத்துல உள்ள ஒவ்வொரு லோயரும் வருசம் 100 வெள்ளி (ரிங்கிட்) குடுக்குறாங்க, லோயருங்க கைக்காசுல ஓடுற எடம்னு சொன்னா பல பேர் நம்ப மாட்டேங்குறாங்க. மூணாவது தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், 2012-லருந்து வேலை செய்யுது, அரசாங்கம் காசு குடுக்கும், மன்றத்து லோயருங்க போய் நிப்பாங்க, இது போலீஸ் கேஸ்ல மாட்டுன மலேசியக் குடிமக்களுக்கு. தூக்குத் தண்டனை வரக்கூடிய கேஸ் மட்டும் இதுல வராது, அதுக்கு கோர்ட்டே லோயர் போட்டுக் குடுக்கும்.

வருமானம் பாத்துத்தான் கேஸ் எடுப்பாங்க, அந்த வரம்பு அப்பப்ப மாறும். எங்க போனாலும் ஐசி (அடையாள அட்டை), மூணு மாச பேஸ்லிப் (சம்பளச் சீட்டு), வந்த சூராட் (கடிதம்) எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. வெறுங்கையோட போயி திரும்பி வந்து பஸ் காசு வீணாப் போனவங்க நெறைய பேர்.

மேசைல உக்காந்திருக்கிறது எல்லாம் சின்னப் பிள்ளைங்களா இருக்கு, இதுங்ககிட்ட குடும்ப விசயத்த சொல்லலாமா?

சொல்லலாம். அவங்க சேம்பரிங் பண்ற பிள்ளைங்க, படிச்சு முடிச்சிட்டு ஒரு சீனியர் கீழ 9 மாசம் பயிற்சி எடுக்கணும், அந்த நேரத்துல சட்ட உதவி மையத்துலயும் வேலை செய்யணும். நீங்க சொல்றத எழுதுவாங்க, பின்னாடி உக்காந்திருக்க பெரிய லோயர்தான் பாத்து பதில் சொல்வாரு. சொன்னது வெளில போகாது.

ஒரு ஆயா, எழுபது வயசுக்கு மேல, ‘எம் பேத்தி வயசு, அதுகிட்ட எப்படி சொல்றது’ன்னு முக்கா மணி நேரம் உக்காந்துட்டு போயிட்டாங்க, அடுத்த மாசம் வந்து அந்தப் பொண்ணுகிட்டயே அழுதுகிட்டே எல்லாத்தையும் சொன்னாங்க. அந்தப் பொண்ணும் தோட்டத்துப் பிள்ளைதான், லயத்துல வளந்தது, வெட்டுக்காட்டு கணக்கு வழக்கு என்னன்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

பால் மரம் வெட்டுனவர் மக லோயர் ஆயிடுச்சுன்னு பேப்பர்ல போட்டோ வந்துச்சே, அது எப்படி? என் மகளுக்கும் ஆசை.

அந்தப் போட்டோ லாங் கால் அன்னைக்கு எடுத்தது, உயர்நீதிமன்றத்துல நீதிபதி முன்னாடி கறுப்பு அங்கி போட்டு வக்கீலா ஏத்துக்குற நாள். ஈப்போல நடக்கும்போது தோட்டத்துலருந்து வேன் புடிச்சுப் போவாங்க, தாத்தா பாட்டியெல்லாம் பின்னாடி பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. அந்த மாதிரி செய்தி தமிழ்ப் பேப்பர்ல வரணும், சின்ன மூலைல வந்தாலும் பரவால்ல, லயத்துல ஒரு பிள்ளை பாத்துச்சுன்னா போதும்.

வழி இதுதான். அஞ்சாம் பாரத்து எஸ்பிஎம் பரீட்சைல மலாய்ல கிரெடிட் முக்கியம், அத விட்றாதீங்க. அப்புறம் சட்டப் பட்டம். மலாயாப் பல்கலைக்கழகம் மாதிரி அரசாங்கப் பல்கலைக்கழகத்துப் பட்டம்னா நேரா சேம்பரிங், லண்டன் பட்டம்னா சிஎல்பின்னு ஒரு பரீட்ச இருக்கு, கஷ்டமான பரீட்ச, இல்லாட்டி அங்கயே பார் பரீட்ச எழுதணும். பிறகு மேல சொன்ன 9 மாசம்.

ராத்திரி வந்து மகன புடிச்சுட்டுப் போயிட்டாங்க, பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) ஒண்ணும் சொல்ல மாட்றாங்க, காலைல லோயர பாத்தா போதுமா?

காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. அரசியலமைப்புச் சட்டம் 5-வது பிரிவுல இருக்கு, புடிச்ச காரணத்த சொல்லணும், அவன் விரும்புற லோயர்கிட்ட பேச விடணும், 24 மணி நேரத்துக்குள்ள மஜிஸ்திரேட் முன்னாடி கொண்டு போகணும். விசாரிக்கிறதுக்கு முன்னாடி குடும்பத்துக்கும் லோயருக்கும் போன் பண்ணலாம்னு போலீஸ் சொல்லணும்ங்கறதும் சட்டம்தான், சில நெலமைல மட்டும் அத தள்ளிப்போட எடம் இருக்கு.

மஜிஸ்திரேட் முன்னாடி ரிமாண்ட் கேப்பாங்க. 14 வருசத்துக்குக் கீழ தண்டனை உள்ள குத்தம்னா மொதல்ல 4 நாள், அப்புறம் 3 நாள், மொத்தம் 7-க்கு மேல கூடாது. 14 வருசமோ அதுக்கு மேலயோன்னா 7-ம் 7-மா 14 நாள். அந்தக் காலைல லோயர் இருந்தா ‘இவ்வளவு நாள் எதுக்கு’ன்னு கேக்க முடியும், உடம்புல அடிபட்டிருந்தா மஜிஸ்திரேட்டுக்கு காட்ட முடியும். மூணாவதா சொன்ன யயாசான் லோயருங்க இதுக்குத்தான் கோர்ட்ல நிக்கிறாங்க. எந்த பாலாய், எந்த நேரம் புடிச்சாங்க, ஐசி நம்பர், இந்த மூணும் கைல வச்சிட்டு போன் பண்ணுங்க.

பொக்கால புடிச்சிருக்காங்கன்னு சொல்றாங்க, அதுக்கும் இதே நாள் கணக்கா?

இல்ல, இங்கதான் நெறைய குடும்பம் தடுமாறுது. பொக்கான்னா 1959-ம் வருசத்து குத்தத் தடுப்புச் சட்டம், அதுல மஜிஸ்திரேட் மொதல்ல 21 நாள், அப்புறம் 38 நாள் குடுக்கலாம், அதுக்கு மேல ஒரு வாரியம் 2 வருசம் வரைக்கும் அடைச்சு வைக்க உத்தரவு போடலாம். 2012-ம் வருசத்து சொஸ்மா, அதாவது பாதுகாப்புக் குத்தங்களுக்கான தனிச் சட்டத்துல 28 நாள் போலீஸ் வச்சிருக்கலாம், லோயர பாக்குறத 48 மணி நேரம் வரைக்கும் தள்ளிப்போடலாம். ரெண்டும் வேற வேற, அதனால ‘எந்தச் சட்டம், எந்தப் பிரிவு’ன்னு கேட்டு எழுதிட்டு வாங்க, அந்த ஒரு வரி இல்லன்னா லோயராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

இது சும்மா விட வேண்டிய விசயமும் இல்ல. அடைச்சு வச்சதுல சட்டப்படி செய்ய வேண்டியத செய்யாம விட்டிருந்தா உயர்நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போடலாம், அதுல வெளில வந்தவங்களும் இருக்காங்க.

தோட்டம் கைமாறுது, ஆபீஸ்ல ஒரு பேப்பர் குடுத்து கையெழுத்து போடச் சொல்றாங்க, எல்லாரும் போட்டுட்டாங்க, நானும் போடவா?

படிக்காம போடாதீங்க. ‘ஒரு நாள் டைம் குடுங்க’ன்னு சொல்லி ஒரு காப்பி வாங்கிட்டு வாங்க, போன்ல போட்டோ எடுத்தாலும் சரி. 1980-ம் வருசத்து வேலை நீக்க விதிமுறை இருக்கு, 12 மாசத்துக்கு மேல வேலை செஞ்சவங்களுக்கு, 2 வருசத்துக்குள்ளன்னா வருசத்துக்கு 10 நாள் சம்பளம், 2-லருந்து 5-க்குள்ள 15 நாள், 5 வருசமும் அதுக்கு மேலயும்னா வருசத்துக்கு 20 நாள். தோட்டம் கைமாறுனா புது முதலாளி 7 நாளுக்குள்ள பழைய சலுகைக்குக் கொறையாம வேலை குடுக்கணும், குடுக்கலன்னா பழைய முதலாளி அந்தக் காச கட்டணும். புது வேலை ஒழுங்கா குடுத்தும் நீங்க வேணான்னா காசு வராது. அதனால அந்தப் பேப்பர்ல ‘நானே விருப்பப்பட்டு வேலைய விட்டு நிக்கிறேன்’னு ஒரு வரி இருக்கான்னுதான் மொதல்ல பாக்கணும்.

இத நான் கண்ணால பாத்தேன், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். 27 வருசம் வேலை செஞ்ச ஒரு அண்ணன் அந்த மாதிரி வரியில கையெழுத்து போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு எங்க மண்டபத்துக்கு வந்தாரு. கணக்குப் போட்டா 540 நாள் சம்பளம். நம்ம லோயர் பேப்பர படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

வேலைய விட்டு நிப்பாட்டி மூணு மாசம் ஆச்சு, இப்ப கேஸ் போடலாமா?

நியாயமில்லாம நிப்பாட்டுனாங்கன்னு சொல்லி வேலைய திரும்பக் கேக்கணும்னா 60 நாளுக்குள்ள தொழில் உறவுத் துறைல, அதாவது ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹாஆன்ல மனு குடுக்கணும், 1967-ம் வருசத்து சட்டம், 61-வது நாள் போனாலும் கதவு மூடிருச்சு. அதுக்கு லோயர் வேணும்னு இல்ல, காசும் கட்ட வேண்டியதில்ல. குடுக்காத சம்பளம், மேல சொன்ன வேலை நீக்கக் காசு இதெல்லாம் வேற, அதுக்கு பெஜாபாத் பூரோ (தொழிலாளர் ஆபீஸ்) போகலாம், 60 நாள் அதுக்குக் கெடையாது. அதனால மூணு மாசம் ஆனாலும் வீட்ல உக்காந்துறாதீங்க, எது மிச்சம் இருக்குன்னு கேளுங்க.

தாத்தா பேர்லயே நெலம் இருக்கு, மாத்துறதுக்கு லோயர் ஆயிரக்கணக்குல கேக்குறாரு, வேற வழி இல்லையா?

உயில் இல்லாம, நெலமும் சேந்த சொத்து மொத்தம் 50 லட்சம் வெள்ளிக்குள்ளன்னா சின்னச் சொத்துன்னு கணக்கு, லேண்ட் ஆபீஸ்லயே மனு குடுத்து விசாரணை வச்சு பிரிச்சுக் குடுப்பாங்க, லோயர் இல்லாம நீங்களே பண்ணலாம். முன்ன 20 லட்சமா இருந்துச்சு, 2024-ல ஏத்துனாங்க. இறப்புப் பத்திரம், கெரான் (நெலப் பத்திரம்) காப்பி, வாரிசு எல்லாரோட ஐசி வேணும்.

பங்கு எப்படின்னா, முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 1958-ம் வருசத்து சட்டம், புருசன் இல்ல பொண்டாட்டிக்கு கால், அப்பா அம்மாவுக்கு கால், பிள்ளைங்களுக்கு பாதி. அப்பா அம்மா இல்லன்னா துணைக்கு மூணுல ஒண்ணு, மிச்சம் பிள்ளைங்களுக்கு. பொண்ணுக்கும் பையனுக்கும் சமம், கட்டிக் குடுத்தாச்சுன்னு விட முடியாது. இத சொன்னா மண்டபத்துல சில அண்ணன்மார் மொகம் மாறும், ஆனா சட்டம் அதுதான், அது சரின்னுதான் நானும் நெனைக்கிறேன்.

வாட்ஸ்அப்ல ‘புதுச் சட்டம் வந்துருச்சு’ன்னு வருதே, நம்பலாமா?

பாராளுமன்றத்துல பாஸ் ஆனது வேற, நடைமுறைக்கு வந்தது வேற. மேலவையும் பாஸ் பண்ணி, பேரரசர் ஒப்புதல் வாங்கி, வார்த்தால (அரசிதழ்ல) போட்டு, எந்தத் தேதிலருந்துன்னு சொன்னாத்தான் சட்டம். மேல சொன்ன சின்னச் சொத்து விசயமே 2022-ல திருத்தி 2024-லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதே மாதிரி வாரத்துக்கு 48 மணி நேர வேலைய 45-ஆ கொறைச்சு, பேறுகால லீவ 60 நாள்லருந்து 98 நாளா ஏத்துன திருத்தம் 2022 செப்டம்பர் 1-ன்னு மொதல்ல சொன்னாங்க, பிறகு 2023 ஜனவரி 1-க்கு தள்ளிப்போச்சு. நடுவுல அந்த நாலு மாசம் எத்தனை பேர் மேனேஜர்கிட்ட சண்டை போட்டாங்கன்னு எனக்குத் தெரியும். செய்தியில தேதி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மத்தவங்களுக்கு அனுப்பாதீங்க.

தம்பி பேர் பேப்பர்ல வந்துருச்சு, ஊரே குத்தவாளின்னு பேசுது, கேஸ் முடிஞ்சிருச்சா?

குத்தம் சாட்டுறது ஆரம்பம், முடிவு இல்ல. கோர்ட்ல வாசிச்சுக் காட்டி ‘குத்தம் பண்ணல, விசாரணை வேணும்’னு சொல்லியிருந்தா கேஸ் இனிமேதான் நடக்கணும், அதுவரைக்கும் அவன் நிரபராதிதான். கோர்ட்டுல மலாய்தான் பேசுவாங்க, புரியலன்னா தமிழ் ஜுருபாஹாசா (மொழிபெயர்ப்பாளர்) வேணும்னு கேக்குறது அவன் உரிமை, புரியாம தலைய ஆட்டிட்டு குத்தத்த ஒத்துக்கிட்டவங்க கதை எங்க நோட்டுல இருக்கு. ஊர் வாய அடைக்க முடியாது, ஆனா கோயில் கமிட்டில இருக்கவங்களாவது விடுதலை ஆனதும் அத சத்தமா சொல்லணும், புடிச்ச செய்தி பரவுன மாதிரி விட்ட செய்தி பரவுறதே இல்ல.

ஆஸ்பத்திரில ஒருத்தர் வந்து ‘ஆக்சிடெண்ட் கேஸ் நான் பாத்துக்குறேன், ஜெயிச்சா 30 பர்சென்ட் குடுங்க’ன்னு கார்டு குடுத்தாரு, அவரும் நம்ம லோயர் ஆளாமே?

அவர் ரன்னர், லோயருக்கு கேஸ் புடிச்சுக் குடுக்குற ஆளு. லோயர் ரன்னர் வச்சு கேஸ் புடிக்கிறது ஒழுக்க மீறல், ஜெயிச்சா இவ்வளவு பங்குன்னு பேசுறதும் நம்ம நாட்டு சட்டத்துல கூடாது. படுத்திருக்க ஆளுகிட்ட வெறும் பாரத்துல கையெழுத்து வாங்கிட்டுப் போவாங்க, பிறகு எந்த லோயர் கேஸ் நடத்துறாருன்னே தெரியாது. நல்ல லோயருங்க ஏன் பேஸ்புக்ல ‘நாங்க ஜெயிச்சோம் வாங்க’ன்னு போடலன்னும் கேக்குறாங்க, விளம்பரத்துக்கு 2001-ல இருந்து கட்டுப்பாடு இருக்கு, அடக்கமாத்தான் போடணும்.

அவசரப்பட வேண்டியதில்ல. காயத்துக்கு வழக்குப் போட பொதுவா 6 வருசம் இருக்கு, ஆள் இறந்து குடும்பம் கேக்குறதுன்னா 3 வருசம், அரசாங்கத்து மேலன்னா 36 மாசம். வேலைக்குப் போற வழில, வர்ற வழில மோட்டோ விழுந்திருந்தா தொழிலாளருக்கான சொக்சோ காப்புறுதியும் இருக்கு, அத மறந்துறாதீங்க.

லோயருங்க ஏன் தெருவுல எறங்கி நடக்குறாங்க? இவங்களும் ஒரு கட்சியா?

கட்சி இல்ல. எம்பி, சட்டமன்ற உறுப்பினர், கட்சில பதவில இருக்கவங்க யாரும் வழக்கறிஞர் மன்றத்து கவுன்சில்லயோ மாநிலக் கமிட்டிலயோ உக்கார முடியாதுன்னு அதே 1976 சட்டத்துல இருக்கு. தொழிற்சங்கப் பதவில இருந்தாலும் முடியாது.

2007 செப்டம்பர் 26, புத்ராஜெயால கிட்டத்தட்ட 2,000 லோயருங்க நீதிமன்ற மாளிகைலருந்து பிரதமர் ஆபீஸ் வரைக்கும் கோட்டு போட்டு நடந்தாங்க. அப்ப தலைவரு அம்பிகா சீனிவாசன், நம்ம தமிழ்ப் பொண்ணு. நீதிபதிங்கள நியமிக்கிறது பத்தி ஒரு லோயர் போன்ல பேசுற மாதிரி வீடியோ வெளில வந்திருந்துச்சு, அத விசாரிக்கணும்னு கேட்டாங்க. அரச விசாரணை ஆணையம் வந்துச்சு, 2009-ல நீதிபதிங்க நியமன ஆணையத்துக்கு சட்டமும் வந்துச்சு. 2022-ல நடக்கப் பாத்தப்ப போலீஸ் தடுத்துருச்சு, 2025 ஜூலைல திரும்ப புத்ராஜெயால நடந்தாங்க. தோட்டத்துல இருக்க நம்மளுக்கு இதுல என்னன்னு கேப்பீங்க. அந்த 27 வருசத்து அண்ணன் கேஸ் நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா, எதிர்ல பெரிய கம்பெனி நிக்கும், நடுவுல உக்காந்திருக்க நீதிபதி யாருக்கும் பயப்படாதவரா இருக்கணும், அதுக்குத்தான் நடக்குறாங்க.

லோயர் காசு வாங்கிட்டு போன் எடுக்க மாட்றாரு, லோயர் மேலயே புகார் குடுத்தா எடுப்பாங்களா?

எடுப்பாங்க. என் சித்திக்கே நடந்துச்சு, வேற ஊர்ல, வீடு வாங்குன காசு ரெண்டு வருசமா இழுத்தடிச்சாங்க, ரசீது இருந்ததால தப்பிச்சாங்க. மொதல்ல ஆபீசுக்கு எழுத்துல கடிதம் அனுப்புங்க, பதில் வரலன்னா கோலாலம்பூர்ல உள்ள லெம்பாகா தாதாதெர்திப்புக்கு (லோயருங்களோட ஒழுங்கு வாரியத்துக்கு) எழுத்துல புகார். அபராதம் போடலாம், தொழில் பண்ண விடாம நிறுத்தி வைக்கலாம், லோயர் பட்டியல்லருந்து பேரையே எடுத்துடலாம். லோயர மாத்துறதும் உங்க உரிமை, பழையவருக்கு கட்ட வேண்டியது இருந்தா கட்டணும். எது கட்டுனாலும் ஆபீஸ் பேர்ல ரசீது வாங்குங்க, கிராணி கைல சும்மா குடுக்காதீங்க, நான் கிராணியா இருந்தே சொல்றேன்.

எங்க தோட்டத்துக்கும், பிள்ளைங்க ஸ்கூலுக்கும் வந்து பேசுவாங்களா?

கேட்டா வருவாங்க, மாநிலக் கமிட்டிக்கோ சட்ட உதவி மையத்துக்கோ ஒரு கடிதம் போதும். 2009-ல வழக்கறிஞர் மன்றம் அரசியலமைப்புச் சட்டத்த எல்லாருக்கும் புரிய வைக்கணும்னு ஒரு பெரிய பிரச்சாரமே ஆரம்பிச்சாங்க. எடம், தேதி, எத்தனை பேர், தமிழ்லயா மலாய்லயா, எதப் பத்தின்னு எழுதுங்க. ‘பொதுவா சட்டம்’னு கேக்காதீங்க, ‘தோட்டம் கைமாறுனா என்ன கெடைக்கும்’னு கேளுங்க, சாயங்காலம் வேலை முடிஞ்சு குளிச்சிட்டு வர்ற நேரமா வைங்க, அப்பத்தான் ஆளுங்க வருவாங்க.

அக்கா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே, நீங்களே சொல்லிடுங்களேன், லோயர் எதுக்கு?

லோயர் இல்லாதவங்க லோயர் வேலை பாத்தா அது குத்தம், அது மட்டும் இல்ல, ஒரே மாதிரி தெரியுற ரெண்டு கேஸ்ல ஒரு தேதி மாறுனா பதிலே மாறிடும். இங்க எழுதுனது நீங்க எங்க போகணும், எப்ப போகணும், எத எடுத்துட்டுப் போகணும்னு தெரியறதுக்கு. மண்டபம் காலைல 9 மணிக்கு தெறக்கும், நம்பர் 8 மணிலருந்து குடுப்பேன், சூராட்ட மடிச்சு பைல வைக்காம பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டுக் கொண்டு வாங்க.